ஆரபி ஹெல்த் சயன்ஸ் படிக்கப் போகிறாள், அக்கா

என் அக்காவுக்கு,

உன்னைத் தவிர வேறு யாரோடும் உரிமையாகச் சண்டை பிடிக்கத் தெரியாத தங்கை எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. திவசத்துக்கு ஐயர் வந்தார். சமையல் நான்தான். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. அத்தான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நீயாக இருந்தால் விட்டிருப்பாயா?

ஒரு புதினம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் மகள் ஆரபி இந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிக்கிறாள். டொக்டராக வர வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எந்த டிகிரியில் தொடங்குவது என்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது.

பொறு, விளக்கமாகச் சொல்கிறேன். இங்கே ஆக்லாந்தில் பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே மருத்துவத்துக்குப் போக முடியாது. முதலில் பயோமெட் அல்லது ஹெல்த் சயன்ஸ் டிகிரியில் ஒரு வருடம் படிக்க வேண்டும். அந்த மார்க்ஸ், ஒரு சோதனை, ஒரு நேர்முகம் எல்லாம் பார்த்துக் கொஞ்சப் பேரை எடுப்பார்கள். மிச்சப் பேர் தொடங்கிய டிகிரியையே படித்து முடித்துவிட்டுத் திரும்ப முயற்சி செய்யலாம், இல்லை அந்தப் படிப்போடு வேலைக்குப் போகலாம். அந்த மிச்சப் பேர்தான் அதிகம், அக்கா. அதை மட்டும் எங்கள் ஆட்கள் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பயோமெட் என்றால் உடம்பு, மருந்து, ஆய்வுகூடம் என்று போகும். ஹெல்த் சயன்ஸ் என்றால் ஆட்களுக்கு ஏன் நோய் வருகிறது, ஆஸ்பத்திரி யாருக்குக் கைக்கெட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்று கேட்கும். கோயிலில் கேட்டால் முதலாவது டொக்டர் ஆவதற்கு, இரண்டாவது ஆகாமல் போவதற்கு. பிரசாத வரிசையில் நின்றபடியே ஒரு மாமி ஆரபியைப் பிடித்து, "பயோமெட் தானே பிள்ளை? மற்றது மார்க்ஸ் காணாத ஆக்களுக்கு" என்றார். அவருடைய மகன் எதைப் படித்தான் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் தங்கை எவ்வளவு திருந்திவிட்டாள் பார்.

யூனிவர்சிட்டியைச் சுற்றிக் காட்டுகிற ஓப்பின் டேக்கு அத்தான், ஆரபி, நான் மூன்று பேரும் போனோம். அங்கே எங்களுக்கு விளக்கம் சொன்ன மாணவி சென்னைப் பிள்ளை. அத்தானைக் கண்டதும் தமிழிலேயே தொடங்கிவிட்டாள். "அங்கிள், ரெண்டுல எதுல இருந்தும் மெடிசினுக்கு அப்ளை பண்ணலாம். அதனால மெடிசின் கிடைக்கலைன்னா எந்த டிகிரிய முடிச்சா சந்தோஷமா இருப்பாங்களோ, அதையே எடுக்கச் சொல்லுங்க" என்றாள். நல்ல பிள்ளை, நல்ல புத்தி. ஆனால் அத்தானின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

காரில் ஏறியதும் தொடங்கினார். "கிடைக்காட்டி எண்டு ஏன் இப்பவே வாயில எடுக்கிறது? ஒரு நல்ல காரியம் தொடங்கேக்க நல்லதைக் கதைக்க வேணும்." ஆரபி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நியூ லின் வீட்டு வாசலில் இறங்கும் வரைக்கும் அவர் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அத்தானைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. உன் செத்தவீட்டில் வந்தவர் போனவர் எல்லாரும் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவி, "அம்மாவுக்காக டொக்டரா வரவேணும்" என்றார்கள். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவருக்கு அது உனக்குக் கொடுத்த வாக்கு. கிடைக்காமல் போகலாம் என்று நினைப்பதே உனக்குச் செய்யும் துரோகம் போல அவருக்கு.

போன ஞாயிறு ஆரபி எனக்குப் போன் பண்ணினாள். வழக்கம்போல ஆங்கிலத்தில்தான். "சித்தி வரேலுமா, அப்பாவோட தனியாக் கதைக்கப் பயமாயிருக்கு" என்பதுதான் அதன் சாரம். பெறாமகள் கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியுமா? கிளென்ஃபீல்டில் என் வீட்டில் இருந்து புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு போனேன்.

அத்தான் ஹோலில் நின்று அந்தக் கிழமைக்கான சேர்ட்டுகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். வேலை விரிப் பக்கம் அதே வெயார்ஹவுஸில்தான், இப்போது சூப்பர்வைசர். ஆரபி சோபாவின் நுனியில் இருந்தபடி தனக்கு ஹெல்த் சயன்ஸ்தான் வேண்டும் என்றாள். ஏன் என்று அத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சொல்லத் தொடங்கினாள்.

உனக்கு நினைவிருக்கும். உன் வருத்தத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த காலத்தில், மொழிபெயர்த்துச் சொல்லத் தமிழ் இன்டர்பிரெட்டர் வேண்டுமா என்று கேட்டார்கள். அதற்குக் காசு ஒன்றும் கட்டத் தேவையில்லை. "வாறதும் எங்கட சனமாத்தான் இருக்கும், வெள்ளிக்கிழமை கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும்" என்று நீ மறுத்துவிட்டாய். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாலில் சப்பாத்துக் கடையில் பழகிய உன் ஆங்கிலம் அளவுக்கும் விலைக்கும் நன்றாக ஓடும், டொக்டர் கதைத்தால் நின்றுவிடும். அத்தானுக்கு லீவு முடிந்திருந்தது. நான் வரவா என்று கேட்டதற்கு, "ஏன், மகள் இருக்கிறாள்தானே" என்றாய். இப்படித்தான் பதினைந்து வயதுப் பிள்ளை உனக்கும் டொக்டருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் போய் இருந்து மொழிபெயர்த்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் இரண்டு பேரும் சொன்னது, மருந்தை மாற்றப் போகிறார்கள், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டாம் என்றுதான். நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். அத்தான் ஓவர்டைமுக்குப் போனார். சுகமானதும் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கலாம் என்று டிக்கெட் விலை கூடப் பார்த்தோம். பிறகு எல்லாம் எவ்வளவு கெதியாக நடந்தது.

"டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை அப்பா" என்றாள் ஆரபி, தமிழில்.

அத்தான் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்ப என்ன சொன்னவர்?"

"இந்த மருந்து வேலை செய்யேல்லையாம். இனிச் சுகமாக்க ஏலாதாம். நோகாமல் பாத்துக்கொள்ளலாமாம். ஆரையாவது பாக்க வேணும், எங்கயாவது போக வேணும் எண்டா இப்ப போகட்டாம்." ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித்தான் சொன்னாள். எங்களோடு ஆங்கிலத்திலேயே கதைக்கிற பிள்ளை, அக்கா. ஆனால் ஒரு சொல்லும் பிழைக்கவில்லை. இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள் போல.

"நான் அம்மாவிட்ட, மருந்தை மாத்தப் போகினம் எண்டு சொன்னன். அம்மா என்ர கையைப் பிடிச்சு, 'வடிவாச் சொன்னாய் பிள்ளை' எண்டவ."

அக்கா, உனக்கு விளங்கிவிட்டதா? டொக்டரின் முகத்தைப் பார்த்தாயா, மகளின் முகத்தைப் பார்த்தாயா? தெரிந்துகொண்டுதான் அவளுக்காகப் பேசாமல் இருந்தாயா? இந்த ஒன்றுக்கு மட்டும் நீ பதில் சொல்ல மாட்டாயா என்று இருக்கிறது.

அத்தான் வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். கோபிக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். உன் கடைசிக் கிழமைகள் எல்லாம் அவர் வேலைக்குப் போன கிழமைகள். தெரிந்திருந்தால் உன்னை விட்டு அசைந்திருப்பாரா? "இதை இவ்வளவு காலமும் தனிய வச்சிருந்தனியே?" என்றார். அவள் தலையாட்டினாள். "அது உன்ர வேலை இல்லை பிள்ளை. எங்கட வேலை" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். உன் செத்தவீட்டில் கூட அப்படி அழவில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். டொக்டர் ஆக முழு மூச்சாக முயற்சி செய்வாளாம். கிடைக்காவிட்டால் ஹெல்த் சயன்ஸை முடித்துவிட்டு, எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகளை அந்த நாற்காலியில் இருத்தாமல் பார்க்கிற வேலைக்குப் போவாளாம். அந்த வேலைக்கு என்ன பெயர் என்று இன்னும் தெரியாதாம். "கிடைக்காட்டி" என்று அவள் சொன்னபோது அத்தான் முகம் சுளிக்கவில்லை. "கிடைச்சாலும் அதை மறந்திடாத" என்றார். பிறகு எழும்பி மிச்ச சேர்ட்டுகளை அயன் பண்ணினார். நாங்கள் புட்டுச் சாப்பிட்டோம்.

இன்னும் ஒன்று. அத்தானுக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சுப் படபடப்பு. பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து போன் பண்ணி இன்டர்பிரெட்டர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். மகள் வருவாள் என்றுதான் எப்போதும் சொல்வார். இந்த முறை, "ஓம், தமிழ் ஆள் வேணும். மகளுக்கு ஸ்கூல்" என்று சொல்லியிருக்கிறார். வரப் போவது கோயிலில் தெரிந்த முகமாகத்தான் இருக்கும், வரட்டும்.

அடுத்த வருடக் கடைசியில் ஆரபியின் முடிவு வரும். கிடைத்தால் கிடைத்தது என்று சொல்வேன். கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்றே சொல்வேன். நல்லது கெட்டது எதுவானாலும் இனி உனக்கு ஒன்றையும் மாற்றிச் சொல்ல மாட்டோம், அக்கா. இது நாங்கள் மூன்று பேரும் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
இனி ஆரபிக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கப்போகும் சித்தி