ரத்தத்தில் மருந்து இருக்கிறதா

8 அக்டோபர் 2024
ஹெப்பாள் கம்பெனி பஸ்ஸை இன்றும் பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். தசரா நெரிசலில் ஏற்கெனவே லேட். நான் கழிப்பறைக்கு ஓடித் திரும்பும் வரை பஸ்ஸே காத்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுபடியும் ரத்தம்.

17 அக்டோபர்
புண்ணாகிக் கிடக்கும் பெருங்குடலையே எடுத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். பொங்கல் கழித்து, ஜனவரி 21. அப்புறம் மலம் சேர வயிற்றில் ஒரு பை. இன்ஃப்ளிக்சிமாப் எனக்குக் கேட்கவில்லையாம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிற மருந்து. முதல் வருஷம் என்னை எவ்வளவு நன்றாக வைத்திருந்தது!

வீட்டுக்காரர் வேலாயுதமும் அதையே பிடித்துக்கொண்டார். "ஒத்துக்காத மருந்த இன்னும் எதுக்கு புள்ள ஏத்தோணும்?"

எனக்கு வேண்டாம். அந்தப் பை வேண்டவே வேண்டாம்.

25 அக்டோபர்
குடல் டாக்டர் பசவராஜ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மருந்து தோத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, அது உங்க ரத்தத்துல இருக்கான்னு பார்த்தோமா?" என்றார் கன்னடத்தில். ஏன் இதை யாரும் இதுவரை கேட்கவில்லை?

அடுத்த டோஸ் ஏற்றுவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைவாக இருக்குமாம். அப்போது எடுக்கிற ரத்தம்தான் உண்மை பேசும். மருந்து போதுமான அளவு இருந்தும் நோய் அடங்கவில்லையென்றால் மருந்தை மாற்ற வேண்டும். குறைவென்றால் கூட்டிப் பார்க்கலாம். உடம்பே மருந்தை எதிர்த்து ஆன்டிபாடி உண்டாக்கியிருந்தால் அது வேறு கதை.

அடுத்த டோஸ் நவம்பர் 15. அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

15 நவம்பர்
இன்று ஆஸ்பத்திரியில் கத்திவிட்டேன்.

நர்ஸ் கௌரம்மா நல்ல மனுஷி. என் முகத்தைப் பார்த்து, பாவம், காக்க வைக்கக்கூடாதென்று நேராக மருந்தை மாட்டிவிட்டார். ஊசியும் குத்தியாகிவிட்டது. ரத்தம் அப்புறம் எடுத்துக்கலாமாம்! குழாயில் மருந்து இறங்கி வருகிறது. "நில்லிஸி சிஸ்டர், நில்லிஸி!" நிறுத்துங்கள் என்று நான் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"சும்மா இரு புள்ள, அவங்களுக்குத் தெரியாதா?" என்று கூட வந்திருந்த வேலாயுதம் என் தோளை அழுத்தினார்.

சும்மாவா? ஸ்கூட்டருக்கு எண்ணெய் ஊத்திட்டு அப்புறம் அளவு பார்த்தா என்ன தெரியும்? தப்பா நிறைய காட்டும், மருந்து சரியில்லன்னு முடிவு பண்ணி, என் குடல வெட்டிருவாங்க - இதெல்லாம் வாயில வரல, அழுகைதான் வந்துச்சு.

கௌரம்மா சட்டென்று குழாயை அடைத்தார். உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. "தப்பு என்னோடதும்மா" என்று சொல்லி, மறு கையில் ரத்தம் எடுத்துவிட்டுத்தான் மருந்தைத் திறந்தார்.

27 நவம்பர்
ரிசல்ட் வந்துவிட்டது. ரத்தத்தில் மருந்து ஏறக்குறைய இல்லவே இல்லை! ஆன்டிபாடியும் இல்லை. வேலைக்கே வராத ஆளை, வேலை தெரியாதவன் என்று எல்லோரும் சேர்ந்து திட்டியிருக்கிறோம்.

டோஸைக் கூட்டுகிறார் பசவராஜ். இனி நான்கு வாரத்துக்கு ஒருமுறை. டாக்டர் முன்னால் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

4 ஜனவரி 2025
ரத்தம் இல்லை. எழுதினா திரும்ப வந்துருமோன்னு பயந்து, இத்தனை நாளா எழுதல.

16 ஜனவரி
குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறிக்கொண்டு வருகிறது. முழுசாக இல்லை, ஆனால் கத்திக்கு வேலையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ரத்தத்தில் மருந்தளவும் ஏறியிருக்கிறது. ஜெயிச்சுட்டேன். ஜெயிச்சுட்டேன்!

வராந்தாவில் வேலாயுதம் ஊருக்குப் போன் போட்டு, "அவ சொன்னதுதான் சரி, நாந்தான் கேக்குல" என்றார். போனை வைத்ததும், அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

20 ஜனவரி
கம்பெனி கேன்டீனில் இருந்தபோது சர்ஜரி வார்டிலிருந்து போன். ஆபரேஷன் லிஸ்டிலிருந்து என் பெயரை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை போலிருக்கிறது. நாளை காலை ஆபரேஷன், இன்றே வந்து சேர்ந்துவிட வேண்டும், இப்போதிலிருந்து கெட்டியாக ஒன்றும் சாப்பிடக்கூடாது என்றாள் ஒரு பெண்.

"கொஞ்சம் இருங்க," என்றேன், "வாய் நிறைய பிசிபேளாபாத். முழுங்கிட்டுச் சொல்றேன்."