சவுண்ட் கார்டு எந்தப் பக்கம்

12-6-2008, வியாழன்

மச்சினனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. மனைவியின் தம்பியாயிற்றே என்று என் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துக்கொண்டேன்.

பார்வையில்லாத தேவராஜ் காவாந்தண்டலத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். திங்கட்கிழமை அவருக்கு இன்டர்வியூ. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் புரோகிராமில் பழக வேண்டும். அது லினக்ஸில் இருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிட்டு, ஒலி தரும் சவுண்ட் கார்டை அதற்குத் திருப்பிவிட்டேன். இரண்டில் ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றது ஊமை. முதலில் நன்றாகப் பேசியது. எதிர்க்கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்துத் திரும்பினால் பேச்சில்லை. திரும்பச் சரிசெய்தேன், வெளியே போய் வந்தால் திரும்ப ஊமை. நாலு தடவை. லினக்ஸையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

"எதையாவது தொட்டீங்களா?" என்று தேவராஜிடம் இரண்டு தரம் கேட்டேன். "இல்ல சார்" என்றார். மச்சினன் பக்கத்திலேயே நின்று பக்கத்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம், "இந்த மெஷினுக்கு சவுண்டு ஒத்துவரல" என்று கைவிட்டேன்.

"பாட்டு மட்டும் நல்லா கேக்குதே சார்," என்றார் தேவராஜ். "நீங்க வெளிய போனா பாடுது, வந்தா நின்னுடுது. அதுவும் டெஸ்டிங்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

மச்சினன் தரையைப் பார்த்தான். "ரெண்டு பாட்டுதான் மாமா. கார்டை இந்தாண்ட, விண்டோஸுக்கு இஸ்துக்கினேன்."

அதற்குள் தேவராஜின் பஸ் வந்துவிட்டது, பழகாமலே கிளம்பிவிட்டார்.

அவனைத் திட்டித் தீர்த்தாயிற்று. என்னை என்ன செய்வது. தொட்டீங்களா என்று நான் கேட்டதிலிருந்து, எழுந்து போகும்வரை தேவராஜ் இரண்டு கைகளையும் மடியைவிட்டு எடுக்கவேயில்லை.