எட்டாவதாக வந்த மூஞ்சி

மங்கலம் ரோடு, திருப்பூர்
12.11.2006

பிரதீப்புக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நீ டொரொண்டோவில் குளிருக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு சுகமாகத்தான் இருப்பாய், சுகமில்லாதவனுக்குப் போனில் அப்படிச் சிரிப்பு வராது. என் தோள்பட்டை எலும்பு கூடி வருகிறது, கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அப்பாவுக்குச் சாயப்பட்டறை இருமல் விடவில்லை, சட்டையைக் கழற்றினால் பனியனெல்லாம் நீலம். உனக்குப் பெண் பார்க்கும் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன், இப்போது எந்த வீட்டு வாசலில் போய் நின்று என் மகன் நல்லவன் என்று சொல்வேன்.

நடந்ததைத் திரும்ப எழுதுகிறேன், போனில் சொன்னது உன் காதில் எப்படி விழுந்ததோ தெரியவில்லை. கம்பெனி வேனின் கதவுத் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாற்றுங்கள் என்று கேட்டதற்கு, கட்டிங் மேஜையில் கழிந்த பனியன் துணியில் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அதைத் திரித்துக் கதவைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் இருபத்தாறு பேர் தினமும் வேலைக்குப் போனோம். போன மாதம் ஒரு காலையில் ரோட்டு வளைவில் கதவு திறந்தது. பக்கத்து அறைக் கருத்தம்மாவின் மகள் அபிராமி என் தோளில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். அவள் வெளியே போனாள், அவளைப் பிடிக்கப் போய் நானும் விழுந்தேன். நான் பிழைத்தேன். அவளுக்கு வயது பத்தொன்பது. பிழைக்க வந்த ஊரில் கருத்தம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

இதையெல்லாம் எட்டாகப் பிரித்து நான் போனில் சொல்லச் சொல்ல நீ கம்ப்யூட்டரில் அடித்தாய். வெளிநாட்டில் இருக்கும் திருப்பூர்க்காரர்கள் எல்லாம் கூடி எழுதுகிற இன்டர்நெட் பலகை, துணி வாங்குகிற வெள்ளைக்காரன்கூடப் பார்ப்பான், கம்பெனி நடுங்கிவிடும் என்றாய். நானும் நம்பினேன். முதலாவது தாழ்ப்பாள், இரண்டாவது ஆள் நெரிசல், மூன்றாவது இரவும் பகலும் தூங்காமல் ஓட்டிய டிரைவர் என்று வரிசையாக வந்து, எட்டாவதாக அபிராமி செத்துப்போனாள் என்று இருக்க வேண்டும். அந்த எட்டு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிய மஞ்சள் மூஞ்சி ஒன்று காதுவரை வாயை இழுத்துக்கொண்டு சிரிக்கிறது. அதை ஒட்டி அவள் பெயர்.

மேனேஜர் பொன்னுச்சாமி அதைக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகக் கருத்தம்மா அறைக்கு வந்துவிட்டார். ஏனுங்க, இதப் பாருங்க, உங்க புள்ள செத்ததுக்கு மயிலாளக்கா பையன் சிரிக்கறானுங்க, இவிங்கள நம்பியாங்க லேபர் ஆபீசுக்குப் போறீங்க என்று கேட்டாராம். கொலைகாரப் பேச்சிலும் ஒரு 'ங்க' குறையவில்லை. கருத்தம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மூஞ்சி தெரியும். இருபத்தேழாம் தேதி லேபர் ஆபீஸ் விசாரணைக்கு வந்து ரேகை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெற்றவள் வராவிட்டால் கம்பெனி மேல் நாங்கள் கொடுத்த மனு அங்கேயே முடிந்தது.

உனக்குப் போன் போட்டால், அய்யோ அம்மா, எட்டுப் போட்டு அடைப்புக்குறிய மூடுனா மிசினு தானா மூஞ்சியா மாத்திக்குமுங்க, நானா ஒண்ணும் போடலீங்கம்மா என்று சிரித்தாய். அடித்த பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாயா கண்ணு? செக்கிங்கில் நான் ஒரு பனியனில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டால் லைன் முழுக்க நிறுத்தி வைத்துத் திட்டுவார்கள். நீ ஒன்பது நாள் அந்த மூஞ்சியை அவள் தலைமாட்டில் சிரிக்க விட்டிருக்கிறாய். பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் தேவிப்பிரியா எனக்குக் காட்டினாள். கீழே இருபத்திமூன்று பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். எட்டு கூலிங்கிளாஸ் போட்டிருக்கு, செம என்று ஒருவன். எனக்கும் வருதா பாக்கறேன் என்று அடுத்தவன் அதே மூஞ்சியை வரிசையாக ஒரு முழம் வைத்திருக்கிறான். அபிராமி யார் என்று கேட்டவர்கள் இரண்டே பேர். படித்து, பிளேன் ஏறிப் போன கூட்டம் இது. தூ.

தானாக, தானாக. கம்பெனிக்காரர்கள் லேபர் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்ததிலும் கதவு தானாகத் திறந்துகொண்டது என்றுதான் இருக்கிறது. இந்த ஊரில் ஊசி தானாக விரலில் ஏறும், சாயத் தண்ணீர் தானாக ஆற்றில் இறங்கும், செய்தவன் என்று ஒருவனும் கிடையாது. இதை எழுத எனக்கு மட்டும் என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம், கேள். தினமும் கதவைக் கட்டுவது நான்தான். எப்போதும் இரண்டு முடிச்சுப் போடுவேன். அன்று டிரைவர் அவசரப்படுத்தினான், கையில் சோற்றுத் தூக்குப் போசி இருந்தது, ஒன்றுதான் போட்டேன். முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன், உனக்குச் சொன்ன எட்டிலும் அதை விட்டுவிட்டேன். கதவைக் கட்டினது யாருன்னு நாங்களும் லேபர் ஆபீசில கேப்பமுங்கக்கா என்று பொன்னுச்சாமி என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வாயால் போவதற்கு முன் நேற்று நானே கருத்தம்மாவிடம் போய்ச் சொன்னேன். அடிப்பாள் என்றுதான் போனேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, மேனேசரு கதவு தெறந்துச்சுங்கான், ஒம் மவன் மிசினு சிரிச்சுதுங்கான், ஒருத்தராவது நாந்தான்னு சொல்லுதாகளான்னு பாத்தேன், இப்ப நீ சொல்லிட்ட, வைய எனக்கு ஒரு ஆளாச்சு என்றாள். வைதாள். நான் உட்கார்ந்து கேட்டேன். எழுந்து வரும்போது, ஒம் மவனும் சொல்லட்டும், ரேகை வைக்க வாரேன் என்றாள்.

ஆகவே எழுது. கம்ப்யூட்டரில் வேண்டாம், பேனாவால். எட்டையும் வரிசையாக எழுதி, ஒன்பதாவதாக முடிச்சையும் எழுது. கீழே, திரும்பிப் பார்க்காமல் போட்டது நான், சிரித்ததும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அவளுக்கு நான் ஒரு சொல் மாற்றாமல் படித்துக் காட்டுவேன். எனக்கு வேலை போகும், போகட்டும். தபாலை நம்பாதே, இதை நான் கூரியரில்தான் போடுகிறேன், நீயும் கூரியரில் அனுப்பு, இருபத்தைந்துக்குள் கையில் இருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த மாதம் எனக்குப் போன் செய்யாதே.

எண்ணெய் தேய்த்துக் குளி. வயிற்றுக்கு ஒழுங்காகச் சாப்பிடு. அவிநாசியப்பன் உனக்கு ஆயுசையும், அதோடு கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அன்று காலை வேன் கதவைக் கட்டிய
உன் அம்மா,
ந. மயிலாள்