குறுக்கே போன கைகள்

செவ்வாய், மட்டாஞ்சேரி

மாலை மழையில் விமானம் நிறுத்துமிடத்துக்குத் திரும்பியது. அணைக்க வேண்டிய முன்விளக்கை விமானி அணைக்கவில்லை. எதிரே நின்று விமானத்துக்குச் சைகையால் வழி காட்டிய செல்வம் அண்ணன் கண் கூசி முகத்தை மறைத்தார். இரு கையிலும் இருந்த லைட் குச்சிகள் குறுக்கே சேர்ந்துவிட்டன. அப்படி வைத்தால் ‘நில்’ என்று அர்த்தம். விமானம் சட்டென்று நின்றது. உள்ளே பணிப்பெண் விழுந்து கை ஒடிந்தது.

தவறான சைகை என்று விமானி புகார். சக்கரத்துக்குக் கட்டை வைக்க நின்ற நான்தான் சாட்சி. விளக்கில் எனக்கே கண் தெரியவில்லை, அதனால்தான் அண்ணன் முகத்தை மறைத்தார் என்றேன். சூப்பர்வைசர் சிரித்தார்.

“எடா, கண்ணு காணலேன்னு நீயே சொல்றே. பின்னே அவன் முகத்தை மறைச்சதை எப்படிக் கண்டே?”

கண்டேனா, அண்ணன் பிறகு சொன்னதை நானும் நம்பிவிட்டேனா?

பஸ்ஸில் அண்ணன் கேட்டார்: “இருக்கறது ரெண்டு கைதானே தம்பி? கண்ணை மறைக்கவா, பிளேனுக்குக் காட்டவா?”

விளக்கைப் பற்றி விமானியிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் கண் என்றால் அவ்வளவு இளப்பம்.

காலையில் சாட்சியத்தை எழுதித் தர வேண்டும். பார்த்தேன் என்றால் பாதிப் பொய். பார்க்கவில்லை என்றால் அண்ணன் வேலை போய்விடும். எதையும் பார்க்க முடியாத வெளிச்சம் என்று மட்டும் எழுதினால், அது சாட்சியம் ஆகுமா? தெரியவில்லை.