அப்பா கழுவிய பீப்பாய்

பாப்புவுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதும் அளவுக்கு இங்கே நலம்தான், நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. இந்தச் சின்ன வீட்டில் ஃபோனில் எதைச் சொன்னாலும், வாசலில் இருந்தால்கூட உன் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய எண்ணெய் அருமையாக வேலை செய்கிறது என்று உன்னிடம் சொன்னாரே, பாதி பொய். தண்ணீரில் கலந்து பால் போலாக்கி லேத்தில் ஊற்றினால் இரும்பு சூடேறாமல் நன்றாகத்தான் ஓடுகிறது. அழுக்கானதும் பீப்பாயில் பிடித்து, சோடாவில் அடைக்கிற வாயுவைக் குழாய் வழியே விட்டால் எண்ணெய் தானாக மேலே வரும், ஆசிட்டே வேண்டாம் என்றாயே, அதுதான் நடக்கவில்லை. எவ்வளவு குமிழி விட்டாலும் பால் பாலாகவே நின்றதாம். அப்படியே சாக்கடையில் விட்டால் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள். மனிதர் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா. புள்ள ஆசையா அனுப்பினது, சரியில்லன்னு சொன்னா மனசு ஒடஞ்சு போயிடுவா என்று பழையபடி ஆசிட்டை ஊற்றியே பிரித்திருக்கிறார், மாதக்கணக்காக, எனக்கும் தெரியாமல். அந்தப் புகைதானே அவர் நெஞ்சைப் பிடித்தது, அதை நிறுத்தத்தானே நீ இந்த எண்ணெய்க்காக இவ்வளவு பாடுபட்டாய்.

போன வாரம் சாப்பாடு கொண்டுபோனால், பீப்பாய்க்குள் தலையை விட்டுச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மகள் அனுப்பினதை அழுக்குப் பீப்பாயிலா ஊத்துறது என்று ஒவ்வொரு முறையும் இந்த மரியாதையாம், நுரை போக அலசுவதுகூடக் கிடையாது. சோப்பு இருந்தால் எண்ணெய் தண்ணீரை விட்டு எங்கே பிரியும். தலையில் அடித்துக்கொண்டு, நானே நாலு தண்ணீர் விட்டு அலசினேன். மறுபடி வாயு விட்டதும் எண்ணெய் மேலே ஏறிவிட்டது, அப்புறம் வெறும் காற்றை விட்டதும் திரும்பக் கலந்தும் கொண்டது, நீ சொன்னது சொன்னபடி. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தானே கண்டுபிடித்த மாதிரி.

எனக்குத்தான் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை பாப்பு. ஆசிட் கேனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று, இருமல் மட்டும் போகவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், தூசிதான், சரியாயிடும் என்கிறார். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. நீ சொன்னால் தட்டமாட்டார், கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. இருமலா, எனக்கா என்பார், நம்பாதே. உன்னோடு பேசிக்கொண்டே இருந்து, வேலை இருக்கு, அம்மாகிட்ட பேசு என்று ஃபோனை என் கையில் திணித்துவிட்டுப் போகிறாரே, அது வேலைக்கு இல்லை, வெளியே போய் இருமுவதற்கு.

என்றும் உன் நினைவாக,
அம்மா