போர்டு படிக்கிற வேலை

ஏப்ரல் 19

நாளை விடிவதற்கு முன் கிளம்புகிறோம். மாமா புதுக் கார் வாங்கி, மலையில் அறைகளுக்குப் பணமும் கட்டிவிட்டு, குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். கட்டின பணம் திரும்ப வராதாம். அதனால் வண்டி ஓட்ட அப்பா. அப்பா போவதால் அம்மா. அம்மா போவதால் நான்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "உங்க மாமா வாய் சும்மா இருக்காது. அப்பாவுக்கோ மூக்கு நுனியில கோபம். நீ நடுவுல எதையாவது பேசிச் சமாளிச்சுக்க. நாலு நாள்தான்."

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்த களைப்பே இன்னும் போகவில்லை, அதற்குள் இந்த உத்தியோகம். அப்பா கம்பெனியில் இரவு ஷிப்ட் அக்காக்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். அதே கம்பெனியில் மாமா சூப்பர்வைசர். "நான் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை" என்று மாமா சொல்லிக் காட்டாத வாரம் உண்டா? நான்கு நாள் ஒரே காருக்குள் என்றால்!

இந்த நோட்டை ஜியாமெட்ரி பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். திறந்தால் கணக்குதான் தெரியும்.

ஏப்ரல் 20

லாட்ஜ் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். அறையில் அம்மாவும் மாமியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். அப்பாவும் மாமாவும் அடுத்த அறையில்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாமா மாவுக்கட்டுக் காலை நடு சீட் முழுக்க நீட்டிக்கொண்டார். மாமி ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். பின்னால் பைகளுக்கு நடுவே அம்மா. வாந்தி வரும் என்று எனக்கு முன் சீட். காருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தே மாமா வெயில் ஏறும்வரை இழுத்தடித்தார். அப்புறம் வழியெல்லாம் ஆரம்பித்தார்: "மாப்பிள்ளை, இது கம்பெனி வேன் இல்ல. கியரைக் கெஞ்சினாலே விழும், மிரட்ட வேண்டாம்." அப்பாவின் தாடை இறுகியது. உடனே நான், "மாமா, இந்த கார்ல எத்தனை ஸ்பீக்கர்?" என்றேன். அடுத்த டீக்கடை வரும்வரை ஸ்பீக்கர்தான். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று: டயர், கேமரா, கண்ணாடி தானாக மூடுவது. எனக்கு எதிலும் ஆசை இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

வெயில் தாழ்ந்ததும் அப்பா, "போர்டு படி குட்டி" என்றார். சின்ன வயதில் நாங்கள் விளையாடுவது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! "வேகத்தடை." "குறுகிய பாலம்." "பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்." கொஞ்சம் இருட்டிய பிறகுதான் கவனித்தேன். நான் சொன்ன பிறகே அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனது. ஒவ்வொரு தடவையும்.

அப்போதுதான் அந்தத் தள்ளுவண்டி. விளக்கு இல்லை. ஒருவர் குனிந்து தள்ளிக்கொண்டு போகிறார், நாங்கள் நேராக அவர்மேலேயே போகிறோம். "அப்பா!" என்று கத்தினேன். வண்டி கிறீச்சிட்டு நின்றது. மாமா முன் சீட்டில் வந்து மோதி, "என்ன மாப்பிள்ளை, தூங்கிட்டீங்களா?" என்றார். "பார்த்தேன் மச்சான்" என்றார் அப்பா. பார்க்கவில்லை.

எரிகிற நெருப்பில் எண்ணெய் மாதிரி, பின்னாலிருந்து அம்மா ஆரம்பித்தாள். "தூங்கறாராம்! என் ஆபரேஷனுக்கு எட்டிப் பார்க்காத அண்ணன் என் புருஷனைப் பேச வந்துட்டான். நிறுத்துங்க வண்டியை, நான் இறங்கிக்கறேன்!" எந்த ஆபரேஷன்? நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது. அதை நடுரோட்டில் தோண்ட வேண்டுமா? மலைக்குப் போவதற்குப் பதிலாக வழியில் இருந்த இந்த லாட்ஜில் இறங்கினோம். நாள் முழுக்க நான் ஒட்டவைத்ததை ஒரு நிமிடத்தில் கிழித்துப் போட்டாள். நடுவில் இருந்து சமாளி என்றது இதற்குத்தானா?

பைகளை இறக்கும்போது அப்பா காதோடு சொன்னார்: "கொஞ்ச நாளா இருட்டினா மங்கலா இருக்கு. எதிர்ல லைட் வந்தா சுத்தமாத் தெரியலை. சரியாயிடும். மாமாவுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவா. நீ போர்டு படி, அது போதும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அவருக்கு அது தெரிந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். அங்கே வெளிச்சமே இல்லை.

அப்பாவின் வேலையே இருட்டில்தானே.

ஏப்ரல் 21

இன்றைக்கு நான் வாந்தி ராணி. மாமா வைத்த பெயர். மத்தியானமே மலைக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் மாமா, "உச்சிக்குப் போய் ராத்திரி கீழே ஊர் லைட்டெல்லாம் பார்க்கணும், அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பள்ளம். தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டேன். தின்ற ரொட்டியெல்லாம் வெளியே வந்தது. மாமி முதுகைத் தடவி எலுமிச்சம்பழம் மோந்து பார்க்கக் கொடுத்தாள். மாமாவோ, "வாந்தி ராணி படுத்துத் தூங்கட்டும். நாம போய்ட்டு வந்துடலாம்" என்கிறார்!

தொண்டை எரிய எரிய அழுகை வந்தது. அதற்குள் அம்மா மாமியைப் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணுக்கு முடியலை, உங்களுக்கு லைட் கேக்குதா? உங்க பொண்ணா இருந்தா போவீங்களா?" மாமிக்குப் பிள்ளை இல்லை. எதைச் சொன்னால் வலிக்குமோ அதையே சொன்னாள். மாமி எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அதற்கப்புறம் யார் உச்சிக்குப் போவார்கள்?

போகாதது நல்லதுதான். ஆனால் அம்மாமேல் எனக்கு இப்படி ஒரு கோபம் வந்ததே இல்லை. நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ எதுக்கும்மா கேக்கறே" என்றாள். ஆமாம், நான் எதற்கு? எல்லாருக்கும் நானே கேட்கிறேன். எல்லாரிடமும் நானே சிரிக்கிறேன். கன்னம் இரண்டும் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 22

மாமாவுக்கு இன்று ஒரு யோசனை. சாயங்காலமே மலை இறங்கிப் பாதி தூரம் போய்விட்டால் நாளைக்கு அலுப்பு இருக்காதாம். நான் விரலைத் தயார் செய்துகொண்டு நின்றேன். அதற்குள் அம்மா அலறினாள். ஒரு காதில் தோடு இல்லை.

கட்டிலைத் தூக்கினோம். மெத்தையை உதறினோம். அப்பா குப்பைக்கூடையைக் கொட்டிக் கையால் துழாவினார். மாமா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு, "ரோட்டுல போறதை விட்டுட்டுக் குப்பை பொறுக்கறோம்" என்று கத்தினார். "எங்க கல்யாணத்துத் தோடு. அது இல்லாம நான் இந்த ரூமை விட்டு நகர மாட்டேன்" என்றாள் அம்மா. இருட்டிவிட்டது. பயணம் நாளைக் காலைக்குத் தள்ளிப் போயிற்று.

எழுதுவதற்காகக் குளியலறைக்கு வந்தேன். வாளியைக் கவிழ்க்கும்போது சோப்பு டப்பா கீழே விழுந்தது. சோப்புக்கு அடியில் தோடு. அழுத்திப் பதித்து வைத்திருக்கிறது.

திரும்பினால் கதவருகே அம்மா.

"எடுக்காதே. காலைல நானே எடுத்துக்கறேன்" என்றாள். நான் அவளையே பார்த்தேன். அவள் மெதுவாகக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. "உனக்கு வாந்தி, எனக்குத் தோடு. அவ்வளவுதான்."

அம்மாவுக்கு முன்பே தெரியும்! இருட்டில் மாடிப்படியில் அப்பா காலால் தடவி இறங்குவதைப் பார்த்தாளாம். முதல் நாள் சண்டை, நேற்று மாமியைச் சொன்னது, எல்லாமே வண்டியை நிறுத்தத்தான். "மாமிகிட்ட அப்படிப் பேசிட்டு நான் தூங்கினேன்னு நினைச்சியா? வேற எதுவும் வாய்க்கு வரலைடி. கல்லெடுத்து எறியணும்னா கையில கிடைச்சதைத்தானே எறிவோம்."

அப்பாவிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா இல்லைன்னு சொல்வாரு. சொல்லிட்டு, அதை நிரூபிக்கவே ராத்திரியில ஓட்டுவாரு."

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அந்த வேன்ல வர்ற அக்காங்க?"

கடைசியாக இறங்கும் அக்கா எனக்கு ஒருமுறை ஹேர்கிளிப் கொடுத்து அனுப்பினாள். பச்சை நிறம். இப்போதுகூட என் தலையில்தான் இருக்கிறது.

அம்மா குழாயை மூடினாள். "தண்ணி வீணாகுது. போய்ப் படு" என்றாள்.

ஏப்ரல் 23

வீட்டுக்கு வந்துவிட்டோம். எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

தோடு விடியற்காலையிலேயே கிடைத்துவிட்டது. அம்மா எல்லாரையும் விரட்டி விரட்டிக் கிளப்பினாள். ஆனால் மலைப்பாதையில் மரம் விழுந்து, அதை அறுத்து எடுக்கும்வரை வண்டிகள் வரிசையாக நின்றன. சமவெளிக்கு வந்தபோது வெயிலே இல்லை. மழை வேறு.

அம்மா ஆரம்பித்தாள். மாமா, "இன்னிக்கு உன் நாடகம் ஓடாது. காலைல எனக்கு டியூட்டி" என்றார். நான் வயிற்றைப் பிடித்தேன். பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. "இதுல எடு ராணி. மாப்பிள்ளை, நீங்க மிதிங்க."

மிதித்தார். எதிரே லாரி வெளிச்சம் வரும்போதெல்லாம் அப்பா மூச்சை நிறுத்திக்கொண்டார். கைகள் ஸ்டீயரிங்கை நெரித்தன. "படி குட்டி." படித்தேன். "வளைவு." "மெதுவா." "அப்பா, கொஞ்சம் உள்ளே வாங்க, ஓரத்துல ஆள்." போர்டில் இல்லாததையெல்லாம் படித்தேன். மாமா சிரித்தார். "நல்ல கண்டக்டர் கிடைச்சிருக்கா!"

அப்போது ஒன்று தோன்றியது. இன்று நான் பக்கத்தில் இருக்கிறேன். வேனில் யார் படிக்கிறார்கள்? நான் படிப்பதால்தான் அப்பா ஓட்டுகிறார். நான் நன்றாகப் படிக்கப் படிக்க, நாளை ராத்திரியும் ஓட்டலாம் என்று நினைப்பார்.

"படி" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"படி குட்டி."

"படிக்க மாட்டேன்பா."

அப்பா என் பக்கம் திரும்பினார். அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"என்ன ஆச்சு, டீசலா?" என்றார் மாமா. நான் பின்னால் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எவ்வளவு நேரம் சும்மா இருப்பது? நான்தான் சொன்னேன். "அப்பாவுக்கு இருட்டினா கண்ணு தெரியலை மாமா."

சொல்லிவிட்டேன். சொல்லாதே என்று கேட்டவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"எவ்வளவு நாளா?" மாமாவின் குரல் ஏறியது. "எங்க ஆளுங்களை இப்படித்தான் ஏத்திட்டுப் போறீங்களா? என் பேரைச் சொல்லி வாங்கின வேலைய்யா அது!" அப்பா சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மாமிதான் கையை நீட்டினாள். "சாவியைக் கொடுங்கண்ணா."

"இவளா? வீட்டு கேட்டையே இடிச்சவ!" என்றார் மாமா.

"கேட்டு இன்னும் அங்கேயேதான் நிக்குது. அதைத் திரும்பப் பார்க்கணும்னா வாயை மூடிட்டுக் காலை நீட்டுங்க."

லைசென்ஸ் வாங்கியும் மாமா அவளிடம் வண்டியைத் தந்ததே இல்லையாம். சைக்கிள் வேகத்தில் ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அவள் அசையவில்லை. அப்பா பின்னால் பைகளுக்கு நடுவே அம்மாவுடன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அம்மா அவர் சட்டையின் நனைந்த கையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 24

அப்பா என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 27

இன்றும் இல்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார். நான் அறைக்குள் போனால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். நான் செய்தது சரியா? அம்மா, "விடு" என்கிறாள். எதை விடுவது? இருட்டுவதற்குள் திரும்பி வருகிறாரா என்று ஜன்னலிலேயே நிற்கிறேன்.

சாயங்காலம் மாமா ஊன்றுகோலுடன் வந்தார். மாமிதான் ஓட்டி வந்தாள். அப்பா எழுந்து நின்றார். வேலை போயிற்று என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நைட் வண்டிக்கு வேற ஆள் போட்டாச்சு. உங்களுக்கு லீவுன்னு எழுதியிருக்கேன். கண்ணைக் காட்டிட்டு வாங்க மாப்பிள்ளை, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." கொஞ்ச நேரம் நல்ல மனிதராக இருந்தார். அப்புறம் தாங்கவில்லை. "தள்ளுவண்டியைப் பார்த்தேன்னு சொன்னீங்களே! கேட்டப்பவே நினைச்சேன்." அம்மா சண்டைக்கு வாயைத் திறந்தாள். வழக்கம் போல நான் ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. சண்டை நடந்தது, டீ ஆறியது, அவரவர் பாட்டுக்குக் கிளம்பினார்கள். யாரும் செத்துவிடவில்லை.

அம்மா வாசல்வரை போய் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

மே 4

கண் ஆஸ்பத்திரிக்கு அப்பாவுடன் நான் போனேன். அம்மாதான் அனுப்பினாள். பஸ்ஸில் பேச்சு இல்லை. முன்னால் நடந்தார், நான் பின்னால்.

இருட்டு அறை. எதிர்ச்சுவரில் எழுத்துகள், மேலே பெரியது, கீழே வரவரச் சின்னது. லென்ஸ் பெட்டி வைத்திருந்த நர்ஸ் அப்பாவின் ஒரு கண்ணை மூடி, "படிங்க" என்றாள். அப்பா கழுத்தை நீட்டினார். நர்ஸ் திடீரென்று என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "ஏம்மா, சொல்லிக் கொடுக்காதே!"

எனக்கே தெரியவில்லை. என் வாய் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"நீ வெளியே இரு குட்டி" என்றார் அப்பா. பத்து நாளைக்கப்புறம் எனக்கென்று சொன்ன வார்த்தை. "நானே படிக்கறேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. முதல் வரி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் இரண்டு எழுத்து தப்பு. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அடுத்த வரி?"

அப்பாவின் நாற்காலி முன்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

"தெரியலை" என்றார். நன்றாக, சத்தமாக, வரிசையில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி.