பாதி ஏணியில்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். போனில் பேசினால் உன் அண்ணி காதில் விழும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பதிலை சைட் ஆபீஸ் விலாசத்துக்கே போடு.

போன மாதம் காற்றடித்த நாளில் என் கிரேனிலிருந்து இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று விழுந்தது உனக்குத் தெரியும். கீழே வேலை செய்தவர்கள் அப்போதுதான் டீ குடிக்க நகர்ந்திருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. நான் உங்களிடம் சொல்லாதது இதுதான்: அன்றிலிருந்து கிரேன் ஏணியில் பாதி ஏறியதும் கால் மரத்துப்போகிறது. ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் முழங்கால் என்று ஃபோர்மேனிடம் சொல்லி இறங்கிவிடுகிறேன். மாற்று ஆள் ஓட்டுகிறான். இனி வலிப்பதற்கு உடம்பில் உறுப்பு பாக்கியில்லை. இன்னும் பத்து நாளுக்குள் ஏறாவிட்டால் வேலை போய்விடும். ஏறினால் கை நடுங்கும், கீழே ஆட்கள் நிற்பார்கள்.

கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சேதி கேட்டதிலிருந்து தினமும் காலையில் போனில் பைபிள் வசனம் அனுப்புகிறாய். எல்லாமே 'பயப்படாதே'தான். படித்தால், வேதமும் சேர்ந்து என்னை அதட்டுகிற மாதிரி இருக்கிறது. விசுவாசம் இருக்கிறவனுக்குக் கால் மரக்குமா?

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 8

அன்பு அண்ணா,

உன் கோழிக் கிறுக்கலை கிளினிக்கில் வேலைக்கு நடுவே எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் பல் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும் "பயப்படாதீங்க"ம்பார். அதுவரை சும்மா இருந்த ஆள் அப்போதுதான் நாற்காலியை இறுக்கிப் பிடிப்பார். நானும் உனக்கு அதைத்தான் செய்திருக்கிறேன் போல.

ஆனால் வேதத்தைக் குறை சொல்லாதே. ஐம்பத்தாறாம் சங்கீதத்தை எடுத்துப் பார். தாவீது பகைவர் ஊரில் பிடிபட்டபோது பாடியது. அந்த ஊர் ராஜா முன்னால் அவர் பைத்தியம் மாதிரி நடித்தார், தாடியில் எச்சிலை வழியவிட்டார். உன் முழங்கால் வலியெல்லாம் அதற்குக் கிட்டவே வராது. கடவுளிடம் மட்டும் அவர் நடிக்கவில்லை. பயம் போனபிறகு நம்புகிறேன் என்று சொல்லவில்லை. பயப்படுகிற நாளிலேயே நம்புகிறேன் என்கிறார். அவருக்கும் கால் மரத்துத்தான் இருக்கும் அண்ணா.

அண்ணியிடம் நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்.

உன் தங்கை

மார்ச் 20

அண்ணா,

பதிலே இல்லையே. ஏறினாயா, இல்லையா? அண்ணியிடம் போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கார்"ங்கிறாங்க. அதில் 'தான்' எதற்கு என்று தெரியாமல் தலை வெடிக்கிறது. ஒரு வரி போதும், எழுது.

தங்கை

மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. எழுதுவதற்கு முன்னால் வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் ஏணியடியில் நின்று ஜெபித்தேன். வழக்கமாக, "பயத்தை எடுத்துவிடும்" என்று கேட்பேன். அன்று, "பயமா இருக்கு ஆண்டவரே, உம்மைத்தான் நம்புறேன்" என்று மட்டும் சொன்னேன். பயம் போகவில்லை. ஆனால் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

ஃபோர்மேன் வந்து, "இன்னிக்கு எங்கய்யா வலி?" என்றார்.

"எங்கயும் இல்ல சார். ஏற பயமா இருக்கு."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் உன் முட்டிக்குத் தைலம் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். இப்போது கீழே நின்று, மேலே இருக்கிற ஆபரேட்டருக்குக் கையால் சிக்னல் காட்டுகிறேன். சம்பளம் குறைவு. மறுபடி ஏறுவேனா என்று தெரியாது.

சம்பளம் குறைந்ததால் உன் அண்ணியிடம் மறைக்க முடியவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப இனிமே நானும் மத்தியானம் நிம்மதியா சாப்பிடலாம்" என்றாள். இத்தனை வருஷமாகக் காற்றடிக்கிற நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

நீ சொன்ன சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தேன். சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். பயப்படுகிற நாள் என்ற இடத்துக்கு வந்ததும் குரல் உடைந்துவிட்டது. மீதியை நான் வாசித்தேன்.

உன் அண்ணன்